பாட்டனார் காலத்து வேங்கை

மஞ்சுமலை நாட்டில் அப்போது மஞ்சு இருந்தது பெயரில் மட்டும்தான். மழை தவறித் தவறி, வெயில் ஏறி ஏறி, ஒரு கோடையில் மலைக்காடு பற்றி எரிந்துபோனது. காடு போனதும் ஓடை வற்றியது. ஊர்ப் பெண்கள் வெறுங்குடத்தோடு அரண்மனை வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

அரசர் கோதண்டவர்மர் பயந்துபோய், வேங்கைமரக் காட்டைத் திரும்ப வளர்க்க உத்தரவிட்டார். மலையுச்சியில் தீக்குத் தப்பிய பழைய மரங்களின் விதையை எடுத்து நட்டார்கள். முளைத்தது. கோடை வந்ததும் கருகியது. மறுபடி நட்டார்கள். மறுபடி கருகியது.

தலைமை அமைச்சர் அகோரமூர்த்தி யோசித்துக் காரணம் கண்டுபிடித்தார். "நட்டவர்களுக்குப் பக்தி போதாது, அரசே."

சபையில் பூவநாதன் என்றொருவன் இருந்தான். அரசருக்குப் பேச்சுத்துணை. அவனுக்குச் சோறு போட்டதும் வாய்தான், வம்பில் மாட்டிவிட்டதும் வாய்தான். அன்றைக்கும் அது சும்மா இருக்கவில்லை.

"அரசே, நம் மலைக்கு இப்போது வந்திருக்கும் வெயில், கீழே செம்பாறை நாட்டில் வெகுகாலமாக அடிக்கிற வெயில். அங்கேயும் வேங்கை நிற்கிறது. அந்த விதையைக் கொண்டுவந்து நட்டால் என்ன?"

செம்பாறைக்கும் மஞ்சுமலைக்கும் தலைமுறை தலைமுறையாகப் பகை. எதற்காக என்பதை இரண்டு பக்கமும் மறந்தாயிற்று. பகையை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

"நம் மண்ணில் பகைவன் விதையா?" என்றார் அகோரமூர்த்தி. "நாளைக்குப் பகைவனையே நடச் சொல்வான் இவன்."

அரசர் சிம்மாசனத்துக்கு மேலே தொங்கிய ஓவியத்தைக் காட்டினார். அவருடைய பாட்டனார் விதையெடுப்பு விழா நடத்தும் ஓவியம். "காட்டை வளர்த்தவர் அவர். அவர் காலத்தில் இருந்தபடியே எல்லாம் இருக்க வேண்டும். அதே மலை விதை, இந்தப் படத்தில் உள்ள அதே விழா. இம்மியும் மாறக்கூடாது. மாற்றுகிறவனுக்கு இந்த நாட்டில் இடமில்லை."

"விழாவைப் பூவநாதனே நடத்தட்டும், அரசே," என்றார் அகோரமூர்த்தி. "இவனுக்கும் கொஞ்சம் பக்தி வரும்." விழாவில் ஏதாவது பிசகும், ஆளை எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடலாம் என்பது அவர் கணக்கு.

பூவநாதன் வீட்டுக்குப் போனபோது மனைவி அமிர்தக்கொடி பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். செய்தி அவனுக்கு முன்பே வந்துவிட்டது.

"எந்த நாடு என்று மட்டும் சொல்லுங்கள். அங்கே உப்பு கிடைக்குமா, எடுத்துக்கொள்ளட்டுமா?"

"இரண்டு நாள் பொறு," என்றான் அவன். மறுநாள் காலையில் ஓவியத்தின் முன்னால் போய் உட்கார்ந்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு அரண்மனைப் பெட்டிகளைத் திறக்கச் சொன்னான்.

விழா நாள். பங்குனி உச்சி வெயில். மலையடிவாரத்தில் சிம்மாசனம் போட்டிருந்தார்கள். பணியாட்கள் ஒரு தடித்த கம்பளி அங்கியைத் தூக்கி வந்தார்கள். கூடவே காதை மூடும் குல்லா, கொதிக்கக் கொதிக்கச் சுக்குக் கஷாயம். சிம்மாசனத்தின் இரண்டு பக்கமும் நெருப்பு கனலும் கணப்புச்சட்டிகள்.

"என்ன இது?" என்றார் அரசர்.

"படத்தில் இருப்பது, அரசே," என்றான் பூவநாதன். "பாட்டனாரின் சொந்த அங்கி. படத்தில் அமைச்சரும் கம்பளி போர்த்தியிருக்கிறார்." ஒரு கம்பளியை அகோரமூர்த்தியின் தோளில் மரியாதையாகப் போர்த்தினான்.

சொன்ன சொல்லை மீற முடியாமல் அரசர் அங்கிக்குள் நுழைந்தார். அவர் கையில் உச்சிமலை விதையைக் கொடுத்தார்கள். மந்திரம் தொடங்கியது. புரோகிதர் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறவர். அரசரின் மூக்கு நுனியில் வியர்வை சொட்டியது. அகோரமூர்த்தியின் முகம் பழுத்த மிளகாயாகிவிட்டது.

"இதைக் கழற்று," என்றார் அரசர்.

"இம்மியும் மாறக்கூடாது என்று உத்தரவு, அரசே. மாற்றினால் எனக்கு நாட்டில் இடமில்லை."

"மூடனே, பாட்டனார் காலத்தில் இந்த மாதத்திலும் பனி பெய்தது. கம்பளி போட்டார். இப்போது நெருப்பாகக் கொளுத்துகிறது. அந்தக் காலத்து அங்கியை இந்தக் காலத்தில் எப்படிப் போடுவது?"

பூவநாதன் குரலைத் தாழ்த்தினான். "உச்சிமலை விதையும் அந்தக் காலத்து அங்கியோடுதான் பிறக்கிறது, அரசே. தாய்மரம் பனிக்குப் பழகியது. தாங்கள் கழற்றிவிடலாம். கன்றால் கழற்ற முடியாது. கருகத்தான் முடியும்."

அரசர் கையிலிருந்த விதையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே அங்கியைக் கழற்றிக் கீழே போட்டார்.

அகோரமூர்த்தி விடவில்லை. "செம்பாறை விதை நம் மார்கழிக் குளிரில் செத்துப்போனால்?"

அவர் அந்த ஆண்டில் கேட்ட முதல் நல்ல கேள்வி அது. பூவநாதன் தலைவணங்கினான். "கொஞ்சம் சாகும், ஐயா. அதனால் செம்பாறை விதை கொஞ்சம், அடிவாரத்தில் தீக்குத் தப்பிய ஒன்றிரண்டு மரங்களின் விதை கொஞ்சம், நம் உச்சிமலை விதையும் கொஞ்சம். கலந்து நடுவோம்."

"அதில் எது பிழைக்கும்?" என்றார் அரசர்.

"தெரியாது, அரசே."

அந்தச் சபையில் அதுவரை யாரும் சொல்லாத வார்த்தை அது. பக்கத்திலிருந்தவர்கள் இரண்டடி விலகி நின்றுகொண்டார்கள்.

அந்த ஆடி மழையில் மூன்று விதையையும் கலந்துதான் நட்டார்கள். அடுத்த கோடையில் சில கருகின, பல நின்றன. அமிர்தக்கொடி மூட்டையை அவிழ்த்தாள். அதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு அரசருக்குக் கோபம்தான் வந்தது.

"எது பிழைக்கும் என்றே தெரியாமலா இவ்வளவு பேசினாய்?"

"தெரிந்திருந்தால் அதை மட்டும் நடச் சொல்லியிருப்பேனே, அரசே. தாங்கள் இத்தனை அமைச்சர்களுக்குச் சோறு போடுவதும், யார் சொல்வது பலிக்கும் என்று தெரியாததால்தானே?"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றிப் பூவநாதனிடம் கொடுத்தார். செம்பாறைக்குத் தூது போகும் வேலையை அகோரமூர்த்திக்குக் கொடுத்தார். அமைச்சர்களும் சிரித்தார்கள். பிழைக்கிற விதை தான்தான் என்று அவர்களில் ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள்.