லத்தீன்காரர் விட்டுப்போன சாவி

மந்தம்பாடியில் புத்திதான் கொஞ்சம் கம்மி, நேர்மைக்குக் குறைச்சலே இல்லை. பூங்காவனத்துக்கு அந்தக் கம்மியும் நேர்மையும் ஊரிலேயே கூடுதல்.

அன்றைக்குக் கைப்பிள்ளையைத் தொட்டிலில் தூங்கவைத்து, வீட்டைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு தண்ணீருக்குப் போனாள். வழியில் பள்ளிக்கூடத்தில் வெளியூர் வாத்தியார் ஒருவர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

“சாவி நம்முடையது இல்லை. போர்த்துகீசியர் கப்பலில் கொண்டுவந்த சொல். அவர்களுக்கு ‘சாவே’, பிரெஞ்சுக்காரருக்கு ‘க்ளே’. இங்கிலீஷ்காரர் பாட்டுத் தாளில் போடும் ‘க்ளெஃப்’கூட அந்த வகைதான். எல்லாம் லத்தீன் பெற்ற பிள்ளைகள். பாவம், லத்தீன் செத்துப்போய் ரொம்பக் காலமாச்சு.”

பூங்காவனம் முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். அடுத்தவர் பொருளையா இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறோம்?

வீட்டுக்கு வந்தால் உள்ளே பிள்ளை பசியில் வீறிடுகிறது. பால் கட்டி இவளுக்கு நெஞ்சு வலிக்கிறது. ஆனால் முடிச்சை அவிழ்க்கக் கை வரவில்லை. ஊர் கூடிவிட்டது. வாத்தியார் சொன்னதையெல்லாம் அவர்களிடம் ஒப்பித்தாள்.

“முந்தானை நம்மது, முடிச்சு நம்மது. உள்ளே இருக்கிறது மட்டும் நம்மது இல்லை மாமா,” என்று தலைகுனிந்தபடி சொன்னாள்.

ஊர்ப்பெரியவர் சடையப்பர் மீசையை நீவினார். “போர்த்துகீசியரைக் கேட்டுத் திறந்தா?”

“அவர் ஒருத்தர் சொன்னாப் போதுமா?” என்றாள் பக்கத்து வீட்டுக் குப்பாயி. “பங்காளிங்க மூணு பேராச்சே! நாளைக்குப் பிரெஞ்சுக்காரர் வந்து வாசல்ல நிப்பாரு.”

“அதுவும் சாவு வீட்டுச் சொத்து. லத்தீன்காரருக்குக் காரியம்கூட ஆகலையே!” என்றார் சடையப்பர்.

பிள்ளை அழுது அழுது விக்க ஆரம்பித்தது. பூங்காவனத்தின் கூச்சமெல்லாம் பறந்துபோனது.

“பூட்டு யாருது மாமா?”

“பூட்டு சுத்தமா நம்மது.”

வாசலில் கிடந்த அம்மிக் குழவியைத் தூக்கி ஒரே போடு. பூட்டு தெறித்தது. ஓடிப்போய்ப் பிள்ளையை மாரோடு அணைத்தாள். வயிறு நிறைந்த பிள்ளை, முந்தானை முடிச்சை இழுத்து, சாவியை உரிமையோடு வாயில் வைத்துக்கொண்டது.

சடையப்பர் குனிந்து உற்றுப் பார்த்தார்.

“பயமில்லாமத் தொடுறானே! லத்தீன்காரரோட பேரன், வாரிசு, இவன்தான். மூக்கைப் பாருங்க, அசல் லத்தீன் மூக்கு!”

மறுநாளே பிள்ளைக்கு மொட்டை போட்டு, லத்தீன்காரருக்குக் கருமாதி செய்தார்கள். பூங்காவனம்தான் மருமகள் முறைக்கு மாரடித்து அழுதாள்:

“என் மாமனாரே! சாவியக் குடுத்தீங்களே, ஒரு பூட்டு வெச்சிட்டுப் போகலையே!”