பால் பொங்கிய பாடம்

வீடியோவில் இயற்பியல் நடத்தும் செண்பகவல்லிக்கு வயது இருபத்தொன்பது. அவளைத் தேடிக் கோவில்பட்டிக்கு வந்த மாணவர் சவரிமுத்துவுக்கு ஐம்பத்தொன்று. மில்லில் ஃபிட்டர். டிப்ளமோவில் இயற்பியல் ஒன்றுதான் பாக்கி, தேறினால் சூப்பர்வைசர். இரண்டு முறை தோற்றாயிற்று. வரும் ஞாயிறு கடைசி வாய்ப்பு.

"டீச்சர், உங்க அறுபது பாடத்தையும் நாலு நாலு தடவை பார்த்துட்டேன். பார்க்கையில எல்லாம் புரியுது. கேள்வித்தாளைக் கண்டா ஒண்ணும் ஓட மாட்டேங்குது. இன்னும் எத்தனை தடவை பார்க்கணும்?"

அவருடைய போனை வாங்கி, முடுக்கம் பற்றிய பாடத்தை ஓடவிட்டாள். சத்தத்தை அடியோடு குறைத்தாள்.

"நீங்க பேசுங்க அண்ணாச்சி."

திரையில் அவள் வாய் மட்டும் அசைந்தது. சவரிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"நின்ன வண்டி கிளம்புது. வேகம் சீராக் கூடுது. அப்போ தூரம், அரை ஏ டி ஸ்கொயர். புரியுதா? அம்மா, பால் பொங்குது பாரு! சாரி, எங்க விட்டேன்?"

வீட்டில் அந்தப் பாடத்தைப் பதிவு செய்தபோது நடுவில் அவள் அடுக்களைப் பக்கம் கத்தியது அது. செண்பகவல்லிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மனுஷர் பாடத்தைக் கரைத்துக் குடித்திருந்தார், பாலையும் சேர்த்து. அவரும் சிரித்துவிட்டார்.

"அந்த அரை எங்கிருந்து வந்துச்சு அண்ணாச்சி?"

"நீங்கதான சொன்னீங்க?"

"நான்தான் ஊமையாயிட்டேனே."

அவர் திரையைப் பார்த்தார். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் அழுத்தி நிறுத்தினார். பாடத்தை அவர் நடுவில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

சட்டைப்பையிலிருந்த மருந்துச் சீட்டைத் திருப்பி, நேரத்துக்கு ஒரு கோடு, வேகத்துக்கு ஒரு கோடு போட்டார். அடித்தார். மறுபடி போட்டார். அவள் கொண்டுவந்து வைத்த டீ ஆடை கட்டியது.

"முக்கோணம் டீச்சர்!" என்று கத்தினார். "அடியில நேரம், உசரத்துல கடைசி வேகம். உள்ள இருக்கிற பரப்புதான் தூரம். முழுக் கட்டத்துல அது பாதி. அதான் அரை!"

ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்தார். பிறகுதான் வந்த காரியம் ஞாபகம் வந்தது.

"அப்போ மிச்சப் பாடமெல்லாம் எத்தனை தடவை பார்க்கட்டும் டீச்சர்?"

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒவ்வொண்ணா நீங்க நடத்தி எனக்கு அனுப்புங்க அண்ணாச்சி. நான் பார்க்கிறேன்."