தெற்கு மூலை வெயில்

மாசிலாமணிக்கு இருந்தது ஒரே பயம். ராத்திரி கரண்ட் போனால் மனைவி வள்ளிக்கண்ணுவின் ஆக்ஸிஜன் மெஷின் நின்றுவிடும். போன மாசம் அப்படித்தான் நின்றது. கரண்ட் திரும்பி வருகிறவரை அவர் விசிறியால் வீசிக்கொண்டே இருந்தார், வேறென்ன செய்ய? அவள் பிழைத்துக் கிடந்தது கடவுள் புண்ணியம்.

சோலார் போடுவதென்று முடிவு பண்ணிவிட்டார். எவ்வளவு பெரிசாகப் போடுவது என்பதில்தான் குழப்பம். குருவான தணிகாசல சாமியைக் கையோடு கூட்டிவந்தார். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. ஆனாலும் மாசிலாமணிக்கு அவர் சொல்தான் சொல்.

மொட்டைமாடி முழுக்க சாக்பீஸ் கோடு. பேனல் வரப்போகிற இடத்தையெல்லாம் மாசிலாமணியே கட்டம் கட்டமாகப் போட்டு வைத்திருந்தார்.

சாமி கால் வைக்க இடம் தேடினார்.

"என்னப்பா, பாண்டி ஆடப் போறியா?"

"பேனலுக்கு அளவு சாமி. அவ மூச்சுக்குத்தான்."

"அந்த மெஷினுக்கு இம்புட்டு வேணுமா?"

"அதுக்கு நாலு பேனலும் பேட்டரியும் போதும்னு சோலார் கம்பெனிக்காரர் சொல்றாரு."

"மிச்சம்?"

"மோட்டாரு இருக்கு, ஏசி இருக்கு, கிரைண்டரு, வாஷிங் மெஷினு..."

"எல்லாத்தையும் ஒண்ணா ஓட விடுவியா?"

"மாட்டேன் சாமி. இருந்தாலும் பத்தாமப் போயிட்டா? அன்னிக்கு ராத்திரி நீங்க பாத்திருக்கணும்."



படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வள்ளிக்கண்ணு கக்கத்தில் பாயோடு, நின்று நின்று ஏறி வந்தாள். காலை வெயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால்தான் அவளுக்கு நெஞ்சு லேசாகும். அப்போது மெஷின்கூட வேண்டாம். தெற்கு மூலைதான் அவள் இடம். எந்த நிழலும் அங்கே அண்டாது.

அங்கேயும் கோடு.

"ஏங்க, இதுல எனக்கு எந்தக் கட்டம்?" என்றாள், சிரித்துக்கொண்டே.

மாசிலாமணி முழித்தார். 'அந்த மூலையை மட்டும் விட்டுடாதீங்க, அருமையான வெயில்' என்று கம்பெனிக்காரர் சொன்னதும் சந்தோஷமாக முதல் கோட்டை அங்கேதான் போட்டிருந்தார்.

"பரவால்லைங்க, நான் கீழ வாசப்படியில ஒக்காந்துக்கிறேன். உங்களுக்கு நான் ராத்திரி மூச்சு விட்டாப் போதும்."

சாமி தோள்துண்டை எடுத்தார். குழாய்த் தண்ணீரில் நனைத்தார். குனிந்து, தெற்கு மூலைக் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தார்.

"ஐயோ சாமி, நான் செய்றேன்..."

சாமி விடவில்லை. பாயை வாங்கி அவரே விரித்தார்.

"ஒக்காரு தாயி."

அவள் உட்கார்ந்து சூரியனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். முகத்தில் வெயில் விழுந்தது. இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்த மூச்சு மெல்ல மெல்லச் சீராயிற்று. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்ற மாசிலாமணி தன்னையறியாமல் கை கூப்பினார். கண் கலங்கிவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இப்ப எவ்வளவு போடச் சொல்றீங்க சாமி?"

சாமி துண்டைப் பிழிந்து, சூரியனை அண்ணாந்து பார்த்தார்.

"பகலுக்கு அவரே நேரா குடுத்துக்கிட்டு இருக்காரு. நீ ராத்திரிக்கு வேண்டிய நாலை மட்டும் கேட்டு வாங்கிக்கப்பா."