நிலாக்கல்லில் வைத்த கறுப்புக் குட்டி

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் ஒரு மணல்மேடு இருந்தது, குழந்தைகளே. அரிசி மாவைக் கொட்டிவைத்ததுபோல் அவ்வளவு வெள்ளை மணல். அந்த மேட்டில் வளை தோண்டி வாழ்ந்த எலிகளும் வெள்ளைதான். அசையாமல் படுத்துக்கொண்டால் எது மணல், எது எலி என்று கண்டுபிடிக்க முடியாது.

அந்த எலிகளுக்குத் தங்கள் நிறத்தைப் பற்றிச் சொல்லி மாளாத பெருமை.

"நாம் நிலாத்தாயின் பிள்ளைகள். நம்மை உண்டாக்கிய அன்றே அவள் தன் ஒளியை எடுத்து நம்மேல் பூசிவிட்டாள். அன்று எப்படி இருந்தோமோ அப்படியேதான் இன்றும் இருக்கிறோம். இனியும் அப்படியேதான் இருப்போம்" என்று அவற்றின் தலைவன் வெண்கோமான் அடிக்கடி சொல்லுவான். எல்லா எலிகளும் தலையாட்டும்.

மேட்டின் நடுவில் அகலமான வெள்ளைக் கல் ஒன்று கிடந்தது. அதற்கு நிலாக்கல் என்று பெயர். பௌர்ணமிதோறும் நிலா எழும் அந்தியில், புதிதாக வளையைவிட்டு வெளியே வந்த குட்டிகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்து நிறம் பார்ப்பார்கள். கல்லோடு கல்லாகக் கலந்துபோன குட்டிக்குப் பெயர் சூட்டுவார்கள். எப்போதாவது ஒரு குட்டி கறுப்பாகத் தெரிந்துவிட்டால் அதற்குப் பெயர் கிடையாது. 'கறை' என்று ஒரே வார்த்தைதான். பெற்றவளே அதை வாயில் கவ்விக்கொண்டு போய் இலந்தைப் புதருக்கு அப்பால் விட்டுவிட்டு வரவேண்டும். வரும்போது திரும்பிப் பார்க்கக்கூடாது.

செவ்வாலி என்ற எலி அப்படி இரண்டு முறை போய் வந்தவள். இரண்டு முறையும் அவள் வாயைத் திறக்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. "தங்கமானவள், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டாள்" என்று ஊர் மெச்சியது. அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் செவ்வாலிக்குச் சோறு இறங்காது.

ஓர் ஆண்டு ஐப்பசியில் அடைமழை பிடித்தது. ஆறு கரைபுரண்டு ஏழு நாள் அந்த மேட்டின்மேல் நின்றது. எலிகள் மருதமரக் கிளைகளைத் தொற்றிக்கொண்டு உயிர் பிழைத்தன. தண்ணீர் வடிந்தபின் இறங்கிப் பார்த்தால், வெள்ளை மணல் ஒரு பிடிகூட இல்லை. ஆறு கொண்டுவந்த கரிய வண்டல் மேட்டை முழுவதுமாக மூடிவிட்டது. நிலாக்கல் ஒன்றுதான் வெள்ளையாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

ஆற்றோரப் பாறைப் பொந்தில் ஒரு கூகை இருந்தது. முன்பெல்லாம் அது அந்த மேட்டைப் பலமுறை சுற்றினால்தான் ஓர் எலி அகப்படும். அன்று அந்தியில் அது சுற்றவே இல்லை. நேராக இறங்கியது, எடுத்துக்கொண்டு போனது. மறுபடியும் வந்தது.

பத்தே நாளில் பாதி வளைகள் காலியாகிவிட்டன. வெண்கோமான் நிலாக்கல்லின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இது தலைவனின் இருக்கை" என்று சொல்லி அதைவிட்டு இறங்காமலே ஊரைக் கூட்டினான்.

"யாரும் அஞ்சவேண்டாம். எல்லாரும் காலையும் மாலையும் சேற்றில் புரளுங்கள். புரளப் புரள நிறம் தோலில் ஊறும். தோலில் ஊறியது இரத்தத்தில் ஊறும். அப்புறம் பிறக்கிற குட்டியெல்லாம் கறுப்பாகவே பிறக்கும்."

"நாம் என்றைக்கும் மாறமாட்டோம் என்றீர்களே, தலைவரே?" என்று கூட்டத்திலிருந்து செவ்வாலி கேட்டாள். அவள் ஊர் நடுவே வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"இது மாற்றம் இல்லை. முயற்சி" என்றான் வெண்கோமான்.

எலிகள் புரண்டன. விழுந்து விழுந்து புரண்டன. கர்ப்பிணிகள் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு புரண்டார்கள். செவ்வாலிக்கு மட்டும் வெள்ளத்தில் பின்னங்கால் அடிபட்டிருந்தது. அவள் வளைக்குள்ளேயே கிடந்தாள்.

குட்டிகள் பிறந்தன. சேற்றில் ஊறிய தாய்களுக்கெல்லாம் வெள்ளை வெளேரென்று பிறந்தன. சேறு காய்ந்து உதிர்ந்துபோயிற்று. குட்டிகளிடம் ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை.

சேற்றையே தொடாத செவ்வாலிக்கு நான்கு குட்டிகள். மூன்று வெள்ளை. ஒன்று மையைப் போலக் கறுப்பு.

அவள் அந்தக் குட்டியின் காதில் மட்டும் விழும்படி, "மையாள்" என்று கூப்பிட்டாள். பௌர்ணமிக்கு முன்னால், ஊரைக் கேட்காமல், ஒரு குட்டிக்குப் பெயர் வைத்துவிட்டாள்.

விஷயம் வெண்கோமானின் காதுக்குப் போயிற்று. செவ்வாலியை வரச்சொன்னான்.

"உன் வளையில் கறை இருக்கிறதாமே?"

"தலைவரே, கறுப்புக் குட்டி வேண்டும் என்றுதானே ஊரே சேற்றில் கிடந்தது?"

"சேற்றில் புரண்டு வந்தால் அது வரம். சும்மா வந்தால் அது கறை. பௌர்ணமியன்று கல்லுக்குக் கொண்டு வா. பிறகு என்ன செய்வது என்று உனக்குத் தெரியும்."

செவ்வாலிக்கு நன்றாகத் தெரியும். பௌர்ணமிக்கு எட்டு நாள் இருந்தது.

அந்த எட்டு நாளுக்குள் அவளுக்கு வேறோர் இடி விழுந்தது. வளை வாசலில் நான்கு குட்டிகளும் அருகருகே உட்கார்ந்து புல்விதை பொறுக்கிக்கொண்டிருந்தன. கூகை வந்தது. ஒரு வெள்ளைக் குட்டியைக் கொண்டுபோனது. பசித்தால் வெளியே வராமல் முடியாதே; மறுநாள் இன்னொன்று போனது. அதற்கு மறுநாள் மூன்றாவது. மூன்று முறையும் மையாள் அதே இடத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கூகையின் இறகுக் காற்று அவள் மீசையை அசைத்தது, அவ்வளவுதான்.

செவ்வாலி அழுதாள். அழுது முடித்தபின் அவளுக்கு ஓர் எண்ணம் வந்தது. கூகை, விழுங்கியதில் செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். பிள்ளைகளின் முடியாவது கிடைத்தால் வளையில் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாமே என்று நினைத்தாள். மையாளை ஆழமான அறையில் படுக்கவைத்துவிட்டு, உச்சிவெயிலில் நொண்டிக்கொண்டே பாறைக்குப் போனாள். எந்த எலியும் மிதிக்காத இடம் அது.

பொந்துக்குக் கீழே ஓர் இடுக்கு. அதற்குள் கூகைகள் காலகாலமாகக் கக்கிய உருண்டைகள் மேல்மேலாகக் குவிந்து கிடந்தன. மேலே கிடந்தவற்றைப் பிரித்தாள். வெள்ளை முடி. அதில் தன் பிள்ளைகளுடையது எது என்று அவளால் சொல்ல முடியவில்லை. இன்னும் தோண்டினாள். எல்லாம் வெள்ளை. இன்னும் ஆழத்தில் வெள்ளையும் கறுப்பும் கலந்திருந்தன. காய்ந்து இறுகிய அடி உருண்டைகளுக்கு வந்தபோது அவள் தோண்டுவதை நிறுத்தினாள்.

அங்கே முழுவதும் கறுப்பு முடி. எலி எலும்பு, எலிப் பல், எலி மண்டையோடு. முடி மட்டும் கறுப்பு. அந்த உருண்டைகளுக்குள் ஒட்டியிருந்த மண்ணும் கரிய மண்.

'அப்படியென்றால் நாங்களும் ஒரு காலத்தில் கறுப்பாக இருந்தவர்கள். மேடும் கறுப்பாக இருந்திருக்கிறது.'

"யாரது, என் குப்பையைக் கிளறுவது?" என்று மேலிருந்து குரல் வந்தது. கூகை ஒரு கண்ணைத் திறந்திருந்தது. இடுக்கு குறுகலானது, அதன் கால் உள்ளே எட்டாது.

"உன் வாயில் போனவர்களின் தாய்" என்றாள் செவ்வாலி. "ஒன்று கேட்கிறேன். என் வெள்ளைக் குட்டிகள் மூன்றையும் எடுத்தாய். கறுப்பை ஏன் விட்டாய்? விட்டுவிடு என்று உனக்கு யார் சொன்னது?"

கூகை இரண்டாவது கண்ணையும் திறந்தது.

"கறுப்புக் குட்டியா? அங்கே அப்படி ஒன்று இருந்ததா?"

செவ்வாலி இடுக்குக்குள்ளிருந்து அதன் கண்களை உற்றுப் பார்த்தாள்.

"என் பாட்டிக்குப் பாட்டியும் இதே பொந்தில்தான் இருந்தாள். நாங்கள் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. கண்ணில் பட்டதை எடுக்கிறோம். படாதது என்ன ஆயிற்று என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டுக் கூகை மறுபடியும் தூங்கப்போனது.

கூகைக்குத் தெரியாதது செவ்வாலிக்குத் தெரியும். கண்ணில் படாதது உயிரோடு இருக்கும், குட்டி போடும். குட்டி தாயைப் போல இருக்கும். கறுப்பு மேட்டின்மேல் எப்போதோ வெள்ளை மணல் வந்து மூடியிருக்கிறது. கறுப்பு எலிகள் ஒவ்வொன்றாகப் போக, எங்கோ சும்மா பிறந்த ஒன்றிரண்டு வெள்ளைகள் மிஞ்சிப் பெருகியிருக்கின்றன. யாரும் ஒளியைப் பூசவில்லை. யாரும் சேற்றில் புரளவும் இல்லை.

அவள் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று என மூன்று உருண்டைகளை வளைக்குக் கொண்டுவந்து ஒளித்துவைத்தாள். ஆனால் யாரிடமும் மூச்சுவிடவில்லை. நிலாத்தாயைப் பொய்யாக்கிவிட்டாள் என்று ஊர் தன்னையும் குட்டியையும் சேர்த்துக் கிழித்துப்போட்டுவிடுமோ என்று பயந்தாள். நாட்கள் போய்க்கொண்டே இருந்தன.

பௌர்ணமிக்கு முதல்நாள் ஆற்றங்கரையில் ஒரு பச்சைத் தவளையைக் கண்டாள். வெள்ளத்தில் எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்தவன். உங்கள் ஊரில் எல்லாரும் உன்னைப் போலப் பச்சைதானா என்று கேட்டாள்.

"எங்கள் குளத்தில் ஒரு காலத்தில் எல்லாரும் பழுப்பு, அக்கா" என்றான் அவன். "குளத்தைப் பாசி மூடியது. கொக்குகள் பழுப்பையெல்லாம் பொறுக்கித் தின்றுவிட்டன. பச்சையாகப் பிறந்த சிலர்தான் தப்பினார்கள். இன்று எல்லாரும் பச்சை. நான் சொன்னால் எங்கள் ஆட்கள் சிரிக்கிறார்கள்."

செவ்வாலி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை உனக்கு யார் சொன்னது, தம்பி?"

"யாரும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்."

அன்று அவளுடைய பயம் பாதி போயிற்று.

பௌர்ணமி அந்தியில் எலிகள் நிலாக்கல்லைச் சுற்றிக் கூடின. வெண்கோமான் கல்லின் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். இரண்டு காவல் எலிகள் மையாளைத் தூக்கி மறு ஓரத்தில் வைத்தன. வெள்ளைக் கல்லின்மேல் அவள் பளிச்சென்று தெரிந்தாள்.

"கறை!" என்றான் வெண்கோமான். "கறை, கறை" என்றது கூட்டம்.

செவ்வாலி மூன்று உருண்டைகளையும் அவன் காலடியில் வைத்தாள். "இது இன்றைய நாம். இது நேற்றைய நாம். இது நம் முன்னோர். நீங்களே பிரித்துப் பாருங்கள். நம் குலம் கறையிலிருந்துதான் வந்தது, தலைவரே. இவளைத் துரத்தினால் அடுத்த மழைக்குள் இந்த மேட்டில் ஓர் எலிகூட இருக்காது."

கூட்டத்திலிருந்து ஒரு தாய் மெல்ல முன்னால் வந்து அடி உருண்டையை முகர்ந்து பார்த்தாள். "எலிதான்" என்றாள்.

"யாருக்குக் காது குத்துகிறாய்? நிலாத்தாயின் வீட்டில் கறுப்புப் பாட்டனா?" என்று வெண்கோமான் உருண்டைகளை எட்டி உதைத்தான்.

அப்போது செவ்வாலி மேலே பார்த்தாள். நிலாவுக்குக் குறுக்கே ஒரு நிழல். அவளுக்குச் சட்டென்று உறைத்தது. கறுப்பு மேட்டில் வெள்ளை தெரியும்; வெள்ளைக் கல்லில் கறுப்பு தெரியும்.

"மையாள்! கீழே குதி!"

ஊர் முதல்முறையாக அந்தப் பெயரைக் கேட்டது. நிழலைக் கண்டு எல்லாரும் வளைகளுக்கு ஓடினார்கள். குட்டி கரிய மண்ணில் குதித்தாள். குதித்த இடத்தில் அவளைக் காணோம்.

"எங்கே அது? பிடியுங்கள்! விடாதீர்கள்!" என்று கத்திக்கொண்டு வெண்கோமானும் கல்லைவிட்டுக் கீழே குதித்தான்.

இத்தனை நாளும் அவனைக் காப்பாற்றியது அவன் பெருமை இல்லை, அந்தக் கல்லின் வெள்ளைதான். அது அவனுக்குத் தெரியாது. கூகைக்கும் தெரியாது. அது கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு போயிற்று.

செவ்வாலி அதைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை. போனவனும் ஒருத்தி பெற்ற பிள்ளைதான்.

அதன்பின் வெகுகாலம் அந்த மேட்டில் யாரும் நிறம் பார்க்கவில்லை. செவ்வாலி இலந்தைப் புதருக்கு அப்பால் போய் நின்று கூப்பிட்டாள். மூன்று நாள் கூப்பிட்டபின் ஒரு கறுப்பு எலி தயங்கித் தயங்கி வெளியே வந்தது. முன்பு அவள் விட்டுவிட்டு வந்த இரண்டில் ஒன்று. மற்றது வரவே இல்லை. வந்தவளின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு செவ்வாலி வெகுநேரம் அழுதாள்.

வெள்ளை எலிகள் குறைந்துகொண்டே போயின. கறுப்புக் குட்டிகள் பெருகிக்கொண்டே வந்தன. சில தலைமுறைகளில் மேட்டில் எது வண்டல், எது எலி என்று தெரியாதபடி ஆகிவிட்டது. மையாள் தலைவியானாள்.

ஒரு நாள் செவ்வாலியின் வளைக்கு வெளியே கூச்சல் கேட்டது. பல்லெல்லாம் கொட்டிப்போன அவள் தட்டுத்தடுமாறி வெளியே வந்தாள். ஆற்றிலிருந்து உருட்டிவந்த கறுப்புக் கல் ஒன்று மேட்டின் நடுவில் இருந்தது. அதன்மேல் ஒரு வெள்ளைக் குட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. கீழே அதன் தாய் வாயைத் திறக்காமல் நின்றாள்.

"நாம் மண்தாயின் பிள்ளைகள்" என்று மையாள் சொல்லிக்கொண்டிருந்தாள். "என்றைக்கும் கறுப்பாகவே இருந்தவர்கள். இது கறை."

செவ்வாலி மகளின் முன்னால் போய் நின்றாள். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது.

"இந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு நீ கல்லின்மேல் நின்றாயே, மையாள். அன்றைக்கு உன் உடம்பு எப்படி நடுங்கியது என்பது எனக்கு நினைவிருக்கிறது. உனக்கு மறந்துவிட்டதா?"

மையாள் தாயைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். பிறகு தானே கல்லின்மேல் ஏறிக் குட்டியை வாயில் கவ்வி இறக்கினாள். இலந்தைப் புதர்ப் பக்கம் போகவில்லை. பழைய நிலாக்கல்லின் அடியில் புதிதாக ஒரு வளை தோண்டி, குட்டியையும் அதன் தாயையும் அங்கே குடிவைத்தாள். கூகை வரும் வேளையில் அந்தக் குட்டி வெள்ளைக் கல்லின்மேல் படுத்துக்கொண்டால் யார் கண்ணுக்கும் தெரியாது.

"இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டாள் மையாள்.

பெற்றவள் அப்போதுதான் வாய் திறந்து, மனத்துக்குள் என்றோ வைத்துவிட்ட பெயரைச் சொன்னாள்.

நீதி: வேறாகப் பிறந்ததைக் கறை என்று தள்ளாதே, மண் நிறம் மாறும் நாளில் குலத்தைக் காப்பாற்றப்போவது அதுவாகவே இருக்கலாம்.