இறக்கையடியில் ஒரு எழுத்து

“ஒரு ஸ்டிக்கருக்கு மூணு நாளா மேடம்? பஸ்ஸுன்னா பிளேடை வெச்சு அரை மணி நேரத்துல உரிச்சிருப்பேன்.”

தேவசகாயம் இப்படிக் கேட்டதில் ஆச்சரியமில்லை. முப்பது வருஷம் பஸ்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டி, உரித்த கை அது. ஐம்பத்து நாலு வயதில் விமானப் பயிற்சிப் பள்ளிக்கு, விமானங்களில் ஸ்டிக்கர் மாற்றும் வேலை பழக வந்திருந்தார். கற்றுக்கொடுப்பவர் மெஹருன்னிசா, முப்பத்தொரு வயது. அவர் சரி என்றால்தான் மாதக் கடைசியில் வேலை நிரந்தரம்.

மெஹருன்னிசா, விமானத்தின் மேல்தகடு மாதிரியே இருந்த ஒரு அலுமினியத் தகட்டில் பிளேடால் கோடு கிழித்து அவர் கையில் கொடுத்தார். வளைக்கச் சொன்னார். நாலைந்து தடவை வளைத்ததும் தகடு அந்தக் கோட்டிலேயே இரண்டானது.

தேவசகாயம் தலையாட்டினார். தலையாட்டுவதற்கு என்ன, யார் வேண்டுமானாலும் ஆட்டலாம்.

அதன்பிறகு சூடான காற்றைக் காட்டி, பிளாஸ்டிக் தகட்டால் நெம்பி, விரல்நுனி எரிய எரிய உரித்தார். இறக்கையடியில் இருந்த பதிவெண் ஸ்டிக்கரில் ஒரு எழுத்து மட்டும் இம்மியும் அசையவில்லை. மெஹருன்னிசா சாப்பிடப் போயிருந்தார். சட்டைப் பையில் பாதி பிளேடு இருந்தது. பாழாய்ப்போன பழக்கம்.

எழுத்து வந்துவிட்டது. கூடவே விரல் நீளத்துக்கு முடி போல ஒரு கீறல். பாலிஷ் போட்டுத் தேய்த்தார். மறைந்தது போலத்தான் இருந்தது.

மறுநாள் காலை மெஹருன்னிசா விமானம் முழுக்கப் பார்த்தார். கீறல் இல்லை என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். புது ஸ்டிக்கரை ஒட்டச் சொன்னார்.

ஒட்டிவிட்டால் அந்த இடத்தை இன்னும் பத்து வருஷத்துக்கு யாரும் பார்க்கப்போவதில்லை.

தேவசகாயம் புது ஸ்டிக்கரின் பின்தாளைப் பிரித்தார். வாசலில் ஒரு மாணவி, விமானம் எப்போது தயாராகும் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். இந்த வாரம் இதில் முதன்முதலாகத் தனியாகப் பறக்கப்போகிறவள்.

அவர் ஸ்டிக்கரைக் கீழே வைத்தார். வேலை போனால் போகட்டும்.

“மேடம், இங்க பிளேடு போட்டுட்டேன்.”

மெஹருன்னிசா டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் குனிந்தார். நகத்தால் தடவினார். வெகுநேரம் பார்த்தார். ஆழமில்லை, சரிசெய்துவிடலாம் என்றார்.

தேவசகாயம் தன் பையை எடுக்கப் போனார்.

மெஹருன்னிசா நோட்டைத் திறந்து, தன் கையெழுத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார்.

“காலைல இந்த இடத்தை நானும்தான் பார்த்தேன். என் கண்ணுல படல” என்றார். “நாளைலேருந்து நான் பார்த்த பிறகு நீங்க ஒரு தடவை பார்த்துடுங்கண்ணே. அப்புறம் கையெழுத்துப் போடறேன்.”