ஏழருவிக் காட்டின் பசிப்பாறை

ஏழருவிக் காட்டில் சொக்காயி என்று ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தாள். அந்தக் காட்டுக்கு அவள்தான் காவல். வானத்தில் ராஜாளி தெரிந்தாலும் சரி, புதருக்குள் நரி அசைந்தாலும் சரி, தொண்டை கிழியக் கத்துவாள். அவள் குரல் கேட்டதும் குட்டிகள் எல்லாம் ஓடி ஒளிந்துகொள்ளும். அவள் காவலுக்கு வந்து ஆறு மழைக்காலம் ஆயிற்று. அதுவரை ஒரு குட்டியைக்கூட எதிரி தொட்டதில்லை.

ஏழருவிக் காடு மாதிரி வளமான காடு சுற்றுவட்டாரத்தில் கிடையாது. மேட்டில் பலாவும் மாவும் நாவலும் கிளை ஒடியக் காய்க்கும். மேட்டுக் குகைதான் களஞ்சியம். அதில் கிழங்கும் கொட்டையும் தேனும் கூரை முட்டக் கிடக்கும். களஞ்சியக்காரர் கரடி ஏகாம்பரம். காட்டுக்குத் தலைவர் யானை அம்பலவாணர். பக்கத்துக் காடுகளிலிருந்து விருந்தாளிகள் வந்தால் அம்பலவாணர் துதிக்கையை உயர்த்திப் பெருமையாகச் சொல்வார்: "எங்கள் காட்டில் பசி என்ற சொல்லே கிடையாது."

சொக்காயியும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தாள்.

ஒருநாள் நண்பகலில் ராஜாளி வந்தது. சொக்காயி கத்தினாள். மேட்டுக்குக் கீழே பள்ளத்து வெளியில் விளையாடிக்கொண்டிருந்த குட்டிகள் நாலாபக்கமும் சிதறி ஓடின. ஒரு முயல் குட்டி மட்டும் ஓடவில்லை. எழுந்தது, இரண்டடி வைத்தது, உட்கார்ந்துவிட்டது.

சொக்காயி இன்னும் ஓங்கிக் கத்தினாள். முயல் குட்டி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. அசையவில்லை. அதற்குள் ராஜாளி இறங்கி அதை முதுகோடு பற்றிக்கொண்டு மேலே எழும்பிவிட்டது.

சொக்காயிக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. தன்னைப்போல் ஐந்து மடங்கு பெரிய ராஜாளியின் முகத்தில் போய் மோதினாள். கண்ணைக் குறிவைத்துக் கொத்தினாள். ராஜாளி தடுமாறிப் பிடியை விட்டது. முயல் குட்டி நாணல் புதரில் போய் விழுந்தது.

அந்தக் குட்டியின் பெயர் துளிர். முதுகில் நகம் பாய்ந்து ரத்தம் கசிந்தது, ஆனால் உயிர் இருந்தது. சொக்காயி அதைச் சிறகால் அணைத்தாள். விலா எலும்பு ஒவ்வொன்றும் அவள் மார்பில் குத்தியது. பஞ்சு பறந்துபோன இலவங்காய்க் கூடு மாதிரி இருந்தது அந்த உடம்பு.

"நான் கத்தினது உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு அத்தை. எந்திரிச்சேன். காலு மடங்கிப் போச்சு."

"ஏன், காலில் அடியா?"

"இல்ல. முந்தாநாள்லேர்ந்து ஒண்ணும் தின்னல."



மறுநாள் ஆலமரத்தடியில் சபை கூடியது. காவல்காரி இருந்தும் ராஜாளி எப்படிக் குட்டியைத் தூக்கியது என்று விசாரணை. சொக்காயி சரியான நேரத்தில் கத்தவில்லை, கவனம் சிதறிவிட்டது, வயதாகிவிட்டது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அப்புறம் நடந்ததைச் சொன்னாள். குட்டிக்குத் தன் குரல் கேட்டது என்றும், ஓடுவதற்கு அதன் வயிற்றில் ஒன்றும் இல்லை என்றும் சொன்னாள்.

சபையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அம்பலவாணர் காதை இரண்டு தரம் ஆட்டினார். இந்தக் காட்டில் பசியா, அது எப்படி முடியும் என்று கேட்டுவிட்டுக் களஞ்சியக்காரரைப் பார்த்தார்.

ஏகாம்பரத்திடம் பதில் தயாராக இருந்தது. பசிக்கிற குட்டிகளுக்கென்று சபை ஏற்கெனவே ஏற்பாடு செய்திருக்கிறது என்றார். களஞ்சிய வாசலில் பசிப்பாறை இருக்கிறது. சாப்பாடு இல்லாத குட்டி உச்சிவேளையில் அந்தப் பாறைமேல் ஏறி, மேட்டார் எல்லாரும் பார்க்க, 'எனக்குப் பசிக்கிறது, என் தாய் தகப்பனால் எனக்குச் சோறு போட முடியவில்லை' என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். சொன்னால் ஒரு கிழங்கு கொடுக்கப்படும்.

"பாறை வைத்து மூன்று வருஷம் ஆச்சு. இதுவரை ஒரு குட்டி ஏறவில்லை. அப்படியென்றால் என்ன அர்த்தம்? பசியே இல்லை என்றுதானே அர்த்தம்?" என்றார் ஏகாம்பரம்.

சபை தலையாட்டியது. கூட்டம் கலைந்தது.

சொக்காயி நேரே பள்ளத்துக்குப் பறந்தாள். ஆறு மழைக்காலமாக அந்தப் பள்ளத்துக்கு மேலேதான் அவள் வட்டமடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் கண் எப்போதும் வானத்தில்தான் இருக்கும். தரையில் இறங்கி நடந்தது அன்றைக்குத்தான்.

துளிரின் தாய் மரகதம் அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பியிருந்தாள். பள்ளத்து முயல்களும் அணில்களும் முள்ளெலிகளும் விடிந்ததும் மேட்டுக்குப் போய்விடுவார்கள். களஞ்சியத்துக்குக் கிழங்கு தோண்டுவதும் கொட்டை பொறுக்குவதும் அவர்கள்தான். பொழுது சாயும்போது கூலியாக ஆளுக்கு ஒரு கை கிழங்குத் தோல் கிடைக்கும். பள்ளத்தில் முன்பு நல்ல புல் இருந்தது. மேட்டுக் குகைகளுக்கு மெத்தை வேண்டும் என்று அதையும் அறுத்துக் கொண்டுபோய்விட்டார்கள்.

பசிப்பாறைக்குக் குட்டியை ஏன் அனுப்பவில்லை என்று சொக்காயி கேட்டாள்.

மரகதம் துளிரின் காயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "போன வருஷம் அணில் வீட்டுப் பிள்ளை போச்சு. பாதிப் பாறை ஏறினதும் மேட்டுப் பிள்ளைகள் எல்லாம் சிரிச்சாங்க. இறங்கி ஓடி வந்தது, ஒரு மாசம் வெளியிலேயே வரலை. நான் நாள் முழுக்க உழைக்கிறேன் அக்கா. பெத்த பிள்ளைக்குச் சோறு போடத் துப்பில்லாதவள்னு என் பிள்ளை வாயாலேயே சொல்லணுமா?"

சொக்காயிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஏகாம்பரத்தின்மேல் கோபம் வந்தது. சபையின்மேல் வந்தது. எல்லாவற்றையும்விடத் தன்மேல்தான் அதிகம் வந்தது. நரியைப் பார்த்த கண், ராஜாளியைப் பார்த்த கண், காலடியில் கிடந்த இதைப் பார்க்காமல் போயிற்றே என்று நொந்துகொண்டாள்.

அடுத்த நாள் அவள் களஞ்சியத்துக்குப் போனாள். குகைக்குப் பின்பக்கம் ஒரு நாற்றம் அடித்தது. எட்டிப் பார்த்தால், அழுகிய பழங்களை ஏகாம்பரம் கூடை கூடையாக ஓடைக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பலாச்சுளை, மாம்பழம், முளைவிட்ட கிழங்கு என்று மலைபோல் கிடந்தது. ஈ மொய்த்தது.

இதைப் பள்ளத்துக் குட்டிகளுக்கு நல்லபடியாக இருக்கும்போதே கொடுத்திருக்கலாமே என்று கேட்டாள்.

"தனக்கு மிஞ்சித்தான் தானம்" என்றார் ஏகாம்பரம்.

"மிஞ்சித்தானே ஐயா அழுகுது?"

அவர் கூடையைக் கீழே வைத்தார். சும்மா கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்று விளக்கினார். சொக்காயி அவருடைய தொந்தியைப் பார்த்தாள். அந்தக் கிழங்கில் ஒன்றைக்கூட அவர் தோண்டியதில்லை. அதைச் சொன்னாள். அவர் உறுமினார். அவள் பறந்துவிட்டாள்.

அந்த வாரம் மேட்டில் பலாத் திருவிழா வந்தது. உச்சிவேளை. இலை இலையாகப் பழம் பரிமாறியிருந்தது. பக்கத்துக் காட்டு விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் சுளையை வாயருகே கொண்டுபோகும் நேரத்தில் சொக்காயி கத்தினாள். அதுவரை அப்படி ஒரு கத்தலை யாரும் கேட்டதில்லை.

கரடி குகைக்குள் பாய்ந்தார். மான்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. தாய்கள் குட்டிகளை இழுத்துக்கொண்டு புதரில் பதுங்கினார்கள். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அம்பலவாணர் மரத்தின் பின்னாலிருந்து தலையை நீட்டி, எதிரி எங்கே என்று கேட்டார்.

"பள்ளத்தில் ஐயா" என்றாள் சொக்காயி. "வந்து மூணு வருஷம் ஆச்சு. ராஜாளி ஒரு தடவைக்கு ஒரு குட்டியைத்தான் தூக்கும். இது எல்லாக் குட்டியையும் ஒரே நேரத்தில் தின்னுக்கிட்டிருக்கு. நீங்க அதுக்கு உக்காரப் பாறை போட்டுக் கொடுத்திருக்கீங்க."

விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்பலவாணருக்கு அவமானம் தாங்கவில்லை. பொய்க்கூச்சல் போட்டதற்காகச் சொக்காயியைக் காவலிலிருந்து அந்த இடத்திலேயே நீக்கினார். எல்லோரும் திரும்ப இலைக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிடவும் முடிந்தது அவர்களுக்கு.

ஒருத்தியால் மட்டும் முடியவில்லை. கோமளம் என்ற மந்தி. அவள் மேட்டிலேயே பெரிய பலாமரத்துக்காரி. இடுப்பில் குட்டியோடு சொக்காயியின் பின்னாலேயே வந்து, அந்த இடத்தைத் தனக்குக் காட்டும்படி கேட்டாள்.

இருவரும் பள்ளத்துக்கு இறங்கினார்கள். அங்கே ஒரு முள்ளெலிக் குட்டி மரப்பட்டையை நக்கிக்கொண்டிருந்தது. அணில் வீட்டுப் பிள்ளை தன் தம்பியிடம், கண்ணை மூடித் தூங்கு, தூங்கினால் பசி தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தது. கோமளம் இடுப்பிலிருந்த தன் குட்டியை இறுக்கிக்கொண்டாள். மேட்டிலிருந்து அங்கே நடந்துவர அரை நாழிகைகூட ஆகவில்லை. ஒருநாளும் வந்ததில்லையே என்றாள். நாளைக்கே இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கூடை பழம் அனுப்புகிறேன் என்றாள்.

"அனுப்பாதே, கொண்டுவா" என்றாள் சொக்காயி. "உன் பிள்ளையையும் கூட்டிவா. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்காரட்டும். யாருக்குப் பசி, யாருக்குப் பசியில்லைன்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியக் கூடாது."

மறுநாள் உச்சிவேளையில் பள்ளத்து நாவல் மரத்தடியில் இலை போட்டார்கள். கோமளத்தின் குட்டி துளிருக்கும் முள்ளெலிக்கும் நடுவில் உட்கார்ந்தது. மூன்றாம் நாள் கோமளத்தின் தங்கை வந்தாள். ஐந்தாம் நாள் ஒரு மான் தன் இரண்டு குட்டிகளோடு வந்தாள். மேட்டுக் குட்டிகளுக்குத் தனியாகக் குகையில் தின்பதைவிட அந்த வரிசை பிடித்துவிட்டது. அடம்பிடித்து இறங்கி வந்தன.

வரிசை நீண்டுகொண்டே போனது. வீட்டுப் பழம் போதவில்லை. அப்போது மேட்டுத் தாய்மார்கள் பள்ளத்துத் தாய்மார்களோடு சேர்ந்து களஞ்சிய வாசலில் போய் நின்றார்கள். மரகதம்தான் முன்னால் நின்றாள். இந்தக் கிழங்கைத் தோண்டிய கைகள் எல்லாம் இங்கே நிற்கின்றன என்றும், தோலுக்குப் பதில் இனிக் கிழங்கிலேயே பங்கு வேண்டும் என்றும், பள்ளத்துப் புல்லை இனி யாரும் அறுக்கக் கூடாது என்றும் கேட்டாள். குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் முழுக்கச் சொல்லி முடித்தாள்.

ஏகாம்பரம் வாசலை மறித்தார். கோமளம் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். களஞ்சியம் பிள்ளைகளுக்காகவா, ஈக்களுக்காகவா என்று. அவர் அங்கே கூடிவிட்ட சபையாரைப் பார்த்தார். சபையில் பாதிப் பேருடைய மனைவிமார் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் நகர்ந்துகொண்டார்.

குட்டிகள் தேறின. தோண்டுகிறவர்களுக்குக் கிழங்கில் பங்கு கிடைத்தது. வெறும் தரையில் புல் மெல்ல முளைத்தது.

இரண்டு மாதம் கழித்து அம்பலவாணர் விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு நாவல் மரத்தடிக்கு வந்தார். இது தன்னுடைய திட்டம் என்று அவர்களிடம் சொன்னார். சொக்காயி அதைக் கேட்டும் கேட்காதவள்போல் இலை போட்டுக்கொண்டிருந்தாள். பெயர் யாருக்குப் போனால் என்ன, வயிறு நிறைகிறதே என்று விட்டுவிட்டாள்.

ஆனால் அம்பலவாணர் அதோடு நிற்கவில்லை. இனிச் சாப்பிடுவதற்கு முன் குட்டிகள் எல்லாம் எழுந்து நின்று, மேட்டாருக்கு நன்றி சொல்லிக் கும்பிட வேண்டும் என்றார். சில குட்டிகள் வாயில் வைத்ததைத் துப்பிவிட்டு எழுந்தேவிட்டன.

"உக்காருங்க" என்றாள் சொக்காயி. குட்டிகள் உட்கார்ந்தன.

அவள் யானையின் முகத்துக்கு நேரே போய் நின்றாள். "இவங்க அம்மா தோண்டின கிழங்கு ஐயா. மூணு வருஷம் தாமதமா வந்திருக்கு. யாராவது எழுந்து நிக்கணும்னா நாமதான் நிக்கணும், மன்னிப்புக் கேக்க."

விருந்தாளிகள் தரையைப் பார்த்தார்கள். அம்பலவாணர் வெகுநேரம் நின்றார். பிறகு துதிக்கையை இறக்கி, ஓரத்தில் இருந்த பழக்கூடையை எடுத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த முள்ளெலிக் குட்டியிடமிருந்து பரிமாறத் தொடங்கினார்.

களஞ்சியம் நிறைந்த நாட்டில் குழந்தையைக் கையேந்த வைப்பது பெரும் குற்றம். அது கேட்பதற்கு முன்பே அதற்கு இலை போடுவதுதான் பெரியவர்களின் கடமை.