கரையானுக்குத் தடை

"தூக்கிப் போட்ட கார்டைக்கூட இங்க பறிச்சிருவாங்கல்லா. வா, டீ குடிப்போம்."

படியிறங்கிப் போன இரண்டு கல்லூரிப் பையன்களில் ஒருவன் சொன்னது அது. எதிரே ஏறி வந்த தாணுமாலயனை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் குரலைத் தாழ்த்தியிருப்பார்கள். மாடியில் நடக்கும் சீட்டு விளையாட்டுக்கு விதிகளை எழுதுகிறவர் அவர்தான்.

மாடி அறையில் நான்கு மேசைகள். ஒன்றிலும் ஆள் இல்லை. பிளெஸ்ஸி மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, அட்டைப் பெட்டியில் கிடந்த சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பிளெஸ்ஸிக்கு இருபத்தைந்து வயது. கீழே ஜெராக்ஸ் கடையில் வேலை. நாகர்கோவிலில் அந்த அறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவளை ஆசான் என்பார்கள். கேலியாகத் தொடங்கியது, நிலைத்துவிட்டது. பாலிடெக்னிக்கில் வேலை பார்க்கும் தாணுமாலயனுக்கு நாற்பத்தொன்று. அவரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

"ஆசானே, எந்த விதியை நான் எழுதாம விட்டேன்?"

"எத்தனை எழுதியிருக்கீங்க?"

"இருபத்தெட்டு."

"இன்னிக்கு எத்தனை பேரு வந்தாங்க?"

"ரெண்டு பேரு. அவங்களும் போயாச்சு."

"ஆளுக்குப் பதினாலு விதி. தாராளம்ணே."

தாணுமாலயனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த விளையாட்டின் சீட்டுகள் ஒட்டிய பாக்கெட்டில் வரும். பத்தில் ஒன்று பொன் ஓரம் போட்டு மின்னும். மற்றவை சாம்பல் ஓரம். பொன் ஓரம் நிறைய வைத்திருக்கிறவன் ஜெயிப்பான். வாங்க முடியாதவன் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பான். சாம்பல் சீட்டுகளைக் கடை வாசலிலேயே வீசிவிட்டுப் போவார்கள்.

பிளெஸ்ஸி அவற்றைப் பொறுக்கினாள். ஒரு பெட்டியில் போட்டாள். பெட்டி மூடியில் மூன்று வரி எழுதினாள்.

சாம்பல் ஓரம் மட்டும்.

கட்டுக்கு அறுபது சீட்டு. ஒரே சீட்டு நாலுக்கு மேல் வேண்டாம்.

தோற்றவர் இன்னொரு ஆட்டம் கேட்டால் ஜெயித்தவர் மறுக்கக் கூடாது.

அவ்வளவுதான். பெட்டியில் கைவிட்டு யார் வேண்டுமானாலும் ஒரு கட்டு சேர்த்துக்கொள்ளலாம். முதல் வருஷம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பதினெட்டுப் பேர் வந்தார்கள். இடமில்லாமல் ஜன்னல் திட்டில் உட்கார்ந்து ஆடினார்கள்.

நான்காவது விதியிலிருந்து எல்லாம் தாணுமாலயனுடையது. அவர் ஆட்டத்தில் பெரிய ஆள் இல்லை. கையெழுத்து அழகாக இருக்கும். சண்டை வந்தால் அவரிடம் தீர்ப்புக் கேட்டார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது. சண்டைக்கு ஒரு விதியாக நோட்டு நிறைந்தது.

பதினான்காவது விதி: சீட்டைக் கடிக்கக் கூடாது.

அது சகாயம் ஒருவனுக்காக எழுதியது. சகாயம் குலசேகரத்துப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். ஒன்றேகால் மணி நேரம் பஸ்ஸில் வருவான். அவனிடம் இருந்தது ஒரே ஒரு கட்டு. யோசிக்கும்போது சீட்டின் மூலையைக் கடிப்பான். அவன் சீட்டுகளில் ரப்பர் பால் வாடை அடிக்கும்.

பத்தொன்பதாவது விதி: கரையான் தடை செய்யப்பட்டது.

கரையான் சின்னச் சீட்டு. செத்தால் கட்டிலிருந்து இன்னொரு கரையானை எடுத்துக்கொள்ளலாம். அதை நாலு வைத்துக்கொண்டு சகாயம் பதினோரு ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து ஜெயித்தான்.

"மத்தவங்க மனசு விட்டுப் போச்சு ஆசானே. 'கரையான் இருந்தா நாங்க வரலை'ன்னு நேரா சொன்னாங்க. நான் வேற என்ன செய்ய முடியும்?"

"தடை போட்ட பிறகு வந்தாங்களா?"

"வந்தாங்க. அடுத்தவன் ஜெயிச்சான். அவன் சீட்டையும் தடை பண்ணச் சொன்னாங்க."

"பண்ணீங்க."

"பண்ணினேன். அவனும் போயிட்டான்."

"சகாயம்?"

தாணுமாலயன் வாசல் பக்கம் திரும்பினார்.

"வாசல்ல ஒட்டியிருந்த தாளைப் படிச்சான். வரிக்குக் கீழே விரலை வச்சு, ரெண்டு தடவை. ஒண்ணும் கேக்கலை. செருப்பைப் போட்டுட்டு இறங்கிப் போனான். அஞ்சு மாசம் ஆச்சு."

பிளெஸ்ஸி பெட்டியிலிருந்து அறுபது சீட்டு எண்ணி அவர்முன் வைத்தாள்.

"இது சகாயத்தோட கட்டு. அவன் பொறுக்கினதுல ஒவ்வொண்ணுக்கும் இன்னொரு பிரதி பெட்டியில கிடந்துச்சு. கரையான் நாலும் இருக்கு. உக்காருங்க, என்னை ஜெயிங்க."

அவள் தனக்கு ஏதோ ஒரு பழைய கட்டை எடுத்துக்கொண்டாள்.

முதல் ஆட்டம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. தாணுமாலயன் தோற்றார்.

இரண்டாவதும் தோற்றார்.

மூன்றாவதில் கரையான் நாலும் கைக்கு வந்தன. வரிசையாக இறக்கினார். வரிசையாகச் செத்தன.

நான்காவது ஆட்டம் பாதியில் சீட்டைக் கவிழ்த்துவிட்டார்.

"இந்தக் கரையான் எதுக்கும் உதவாது ஆசானே."

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. தான் சொன்னது தாணுமாலயனின் காதில் அப்போதுதான் விழுந்தது.

"அப்ப, பதினோரு வாரமும் ஜெயிச்சது எது?" என்று கேட்டார்.

அவள் நோட்டைப் பத்தொன்பதாவது விதியில் திறந்து, பேனாவை நடுவில் வைத்து, அவர் பக்கம் தள்ளினாள்.

"இதுல பேரு மாறி எழுதியிருக்கீங்கண்ணே. திருத்துங்க."

அவர் கரையான் என்ற பேரை அடித்தார். மேலே 'ச' என்று எழுதினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

பேனாவை மூடிவிட்டு வெகுநேரம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போய்க் கூட்டிட்டு வாரேன்."

"எங்க கூட்டிட்டு வருவீங்க? அறையை விட்டாச்சு. ஆறு மணிக்கு ஓனர்கிட்ட சாவியைக் கொடுக்கணும். நாளையிலேருந்து இங்க தையல் கிளாஸ்."

"ஒரு மாசம் தவணை கேட்டுப் பாரு."

"யாருக்குண்ணே?"

தாணுமாலயன் நான்கு மேசைகளையும் பார்த்தார்.

"பிறகு நான் என்னதான் செய்ய, ஆசானே?"

பிளெஸ்ஸி பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினாள். மூடியைக் கிழித்து எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அப்புறம் நாற்காலிகளை மடக்கி ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்க்கத் தொடங்கினாள். அவர் இன்னும் நிற்கிறார் என்பதே நினைவில்லாதவள் போல.

அவர் நோட்டை மேசையிலேயே விட்டார். அந்த நாலு கரையானை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

குலசேகரம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மூடியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று வரிகளையும் படித்தார். தக்கலை தாண்டிய பிறகு மூன்றாவது வரியை மட்டும் படித்தார்.

சகாயம் தோட்டத்துப் புகைப்புரையில் இருந்தான். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்துகிற சின்னக் கட்டடம். உள்ளே ஷீட்டுகள் வரிசையாகத் தொங்கின. அவன் அடுப்பு வாயில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"வாங்க சாரே." முகத்தில் கோபம் இல்லை. அதுதான் தாணுமாலயனுக்குக் கஷ்டமாக இருந்தது. "தடையை எடுத்தாச்சா?"

"எடுக்குறதுக்கு ஒண்ணும் இல்ல. அறையே போயிட்டு."

"அய்யோ. ஆசான் என்ன செய்யுது?"

"நாற்காலி மடக்குது."

சகாயம் தலையாட்டினான்.

"உன் கட்டு இருக்கா?"

"இருக்கு. அம்பத்தாறு."

"மீதி நாலு?"

சகாயம் அடுப்பைக் காட்டினான்.

"ஏன்டே அப்படிச் செஞ்சே?"

"தடைன்னு எழுதிப் போட்டிருந்துதே சாரே. தடை பண்ணினதை வீட்டுல வச்சிருப்பாங்களா?"

விறகு வெடித்தது. தாணுமாலயன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

"சகாயம், ஜெயிச்சது கரையான் இல்ல. அது மோசமான சீட்டு. இன்னிக்கு நான் அதை வச்சு ஆடிப் பார்த்தேன்."

"எனக்கு அது தெரியாதே சாரே. நானும் கரையான்னுதான் நெனச்சிருந்தேன்."

"வீட்டுல யாருகிட்ட ஆடிப் பழகினே?"

"யாரு இருக்கா? காலையில நானூறு மரம் வெட்டணும். ஒவ்வொரு மரத்தடியிலயும் மனசுக்குள்ள ஒரு ஆட்டம் போடுவேன். அவன் இதைப் போட்டா நான் எதைப் போடணும்னு." அவன் குனிந்து விறகைச் சரிசெய்தான். "இப்ப மரத்தை மட்டும் பார்த்துட்டுப் போறேன். தூரம் கூடுன மாதிரி இருக்கு."

தாணுமாலயன் சட்டைப் பையிலிருந்து நாலு சீட்டையும் எடுத்து நீட்டினார். சகாயம் வாங்கவில்லை. குனிந்து பார்த்தான்.

"இது என்னோடது இல்ல. மூலை புதுசா இருக்கு."

"உன்னோடது இல்லதான்."

"இனி எங்க வச்சு ஆடணும்?"

"எங்கயும் இல்ல."

"பிறகு எதுக்கு சாரே இவ்வளவு தூரம்?"

தாணுமாலயன் வேட்டியை மடித்துக்கொண்டு சிமென்ட் தரையில் உட்கார்ந்தார். தோள்பையிலிருந்து தன் கட்டை எடுத்து முன்னால் வைத்தார். பக்கத்தில் பெட்டி மூடியை வைத்தார். அதன்மேல் நாலு கரையானையும் வைத்தார்.

"கடைசியா நாம ஆடினப்ப நான் உங்கிட்டத் தோத்தேன். இன்னொரு ஆட்டம் கேக்கேன்."

சகாயம் குத்தவைத்து உட்கார்ந்தான். மூன்றாவது வரிக்குக் கீழே விரலை வைத்து இரண்டு தடவை படித்தான்.

எழுந்து வெளியே போனான்.

போய்விட்டான் என்றுதான் தாணுமாலயன் நினைத்தார். ஷீட்டுகள் அசையாமல் தொங்கின. கொஞ்சம் கழித்துக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. பால் உறைய ஊற்றும் ஆசிட்டின் கறையைக் கையிலிருந்து தேய்த்துக் கழுவுகிற சத்தம்.

சகாயம் கையைக் கைலியில் துடைத்தபடி, சுவரில் தொங்கிய பையிலிருந்து தன் கட்டை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தான்.

நாலு கரையானையும் எடுத்தான். ஒவ்வொன்றாக மூலையைக் கடித்தான். கட்டுக்குள் செருகினான்.